இளைத்த தொடை, கொழுத்த ஈரல்

(வந்தவாசியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வந்தவாசி மேடையில் ஏறுகிறவர்கள் 1760-ல் தொடங்குவதுதான் வழக்கம். ஜனவரி 22, அயர் கூட், லாலி, கோட்டை. அதை வரலாற்று ஆசிரியர்களுக்கே விட்டுவிடுகிறேன். நான் ஒரு சாதாரணச் சொல்லில் இருந்து தொடங்குகிறேன். சதை.

வெளியூரில் படிக்கும் பையன் லீவுக்கு வருகிறான். வாசலிலேயே அம்மா சொல்கிறாள்: "இப்பதான் கொஞ்சம் சதை போட்டிருக்கே." அவன் போட்டது தசையா கொழுப்பா? அம்மாவுக்குத் தெரியாது, அந்தச் சொல்லுக்கும் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பேர்தான். ஆனால் அதே அம்மா ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போனால் என்ன சொல்கிறாள்? "கொழுப்பு வேணாம், சதைக்கறியா போடுப்பா." அங்கே சதை என்றால் தசை மட்டும்தான். கொழுப்பு தனி, ஈரல் தனி, தொடைக்கறி தனி. ஆட்டைப் பற்றிப் பேசும்போது தமிழில் இருக்கும் துல்லியம் ஆளைப் பற்றிப் பேசும்போது காணாமல் போய்விடுகிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது முழுக்க இந்தக் கறிக்கடைக் கணக்குதான். மனித உடம்பிலும் சதை வேறு, கொழுப்பு வேறு, ஈரல் வேறு. ஒன்று கூடினால் இன்னொன்று குறையலாம். எடைமெஷின் இவை எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லி நம்மை ஏமாற்றிவிடும்.

ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு ஆரணிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து ஒரு பட்டு நெசவாளர் என்னிடம் வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஈரல் சுருக்க நோய். குடி இருந்தது, விட்டுவிட்டார், சர்க்கரையும் இருந்தது. முதல் தடவை எடை 61 கிலோ. இரண்டு மாதம் கழித்தும் 61. ஐந்தாம் மாதமும் 61. எடை நிலையாக இருக்கிறது என்று திருப்தியோடு ஃபைலில் எழுதினேன். "மிதிய மிதிக்க முடியல டாக்டர், அரை முழம் நெய்யறதுக்குள்ள கால் சோர்ந்துடுது" என்று அவர் சொன்னதைக் களைப்பு என்று எழுதிக்கொண்டேன். அப்போது அவருடைய வீட்டம்மா குறுக்கே வந்து, கணவரின் சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினார். "இந்தத் தாயத்தப் பாருங்க. கட்டும்போது புஜத்துல இறுக்கமா நின்னுச்சு. இப்ப எத்தனை தடவை ஏத்திவிட்டாலும் முழங்கைக்கு இறங்கிடுது. கயிறு தளர்ந்துடுச்சான்னு பார்த்தேன். கயிறு அப்படியேதான் இருக்கு."

நான் படித்த படிப்பு அந்தக் கறுப்புக் கயிற்றிடம் தோற்றது. அடுத்த நாள் அவர் வயிற்றில் இருந்து 7 லிட்டர் நீரை இறக்கினோம். மறுபடி எடை பார்த்தால் 54. அந்த 54-லும் கால் வீக்கத்தின் நீர் கொஞ்சம் இருந்தது. ஐந்து மாதமாக ஒரு பக்கம் தசை கரைந்துகொண்டே இருந்திருக்கிறது. அதே அளவுக்கு வயிற்றில் நீர் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. வரவும் செலவும் சரியாக இருந்ததால் மெஷின் 61-லேயே நின்றது.

நம் முன்னோர்கள் இதை மகோதரம் என்றார்கள். வயிறு பானை, கை கால் குச்சி. படத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பானையையே எல்லோரும் பார்த்தோம், வைத்தியர்களும் சேர்த்து. குச்சியை யாரும் அளக்கவில்லை.

அளக்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். வயதானால் தசை குறைவது உலகம் அறிந்த சங்கதி. அதற்கு ஒரு பெயர்கூட இல்லாமல் இருந்தது. 1988-ல் அமெரிக்காவில் அல்புகர்க்கி நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் இர்வின் ரோசன்பெர்க் என்ற சத்துணவு ஆய்வாளர், பெயர் வைத்தால்தான் இதை மதிப்பார்கள் என்று கிரேக்கச் சொற்களைச் சேர்த்து சார்க்கோபீனியா என்றார். சதைக் குறைவு என்று பொருள். நாம் தசை இழப்பு என்று வைத்துக்கொள்வோம்.

இது ஈரல் நோயாளியை என்ன செய்கிறது என்று கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்தில் மொண்டானோ-லோசா என்ற மருத்துவரும் அவர் குழுவும் பார்த்தார்கள். வேறு காரணத்துக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில், இடுப்பு முதுகெலும்பின் மூன்றாவது எலும்புக்கு நேராக ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படம். கறிக்கடையில் துண்டு போட்டால் எப்படித் தெரியுமோ அப்படி, அந்தப் படத்தில் தசை ஒரு நிறம், கொழுப்பு ஒரு நிறம். 2012-ல் வெளியான அந்த ஆய்வில் 112 ஈரல் சுருக்க நோயாளிகள். 40 சதவீதம் பேருக்குத் தசை இழப்பு. தசை நின்றவர்களின் இடைநிலை ஆயுள் 34 மாதம். தசை போனவர்களுக்கு 19 மாதம். தசை போனவர்கள் எல்லோரும் ஒல்லி இல்லை. கொழுப்பு அப்படியே இருக்க, உள்ளே தசை மட்டும் போனவர்களும் உண்டு. பின்னால் வந்த ஆய்வுகள் இதற்குத் தசை இழந்த பருமன் என்று பெயர் வைத்தன. தசைக்கு உள்ளேயே கொழுப்பு ஊறிப்போவதையும் தனியாக அளந்தன. பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும் ஆள், உள்ளே காலி.

இன்னொரு வேடிக்கை. யாருக்கு முதலில் மாற்று ஈரல் கொடுப்பது என்று வரிசை போட உலகெங்கும் மெல்டு என்ற மதிப்பெண் உண்டு. பிலிருபின், ரத்தம் உறையும் நேரம், கிரியாட்டினின் ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்டது. கிரியாட்டினின் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் என்று நினைக்கிறோம். ஆனால் அது பிறப்பது தசையில். தசை கரைந்தவனுக்குக் கிரியாட்டினின் குறைவாகவே வரும், சிறுநீரகம் நன்றாக இருப்பதாகத் தோன்றும், மதிப்பெண் இறங்கும், வரிசையில் பின்னால் போவான். நோய் முற்ற முற்ற நல்லவனாகக் காட்டும் ரிப்போர்ட். பெண்களுக்கு இயல்பாகவே தசை குறைவு என்பதால் இந்த அநியாயம் அவர்களுக்குக் கூடுதல். அண்மையில் திருத்திய மெல்டு பெண்களுக்குக் கொஞ்சம் மதிப்பெண் கூட்டிக் கொடுக்கிறது. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் மாற்று ஈரல் அறுவை 1998-ல் டெல்லியில் நடந்தது. அந்த 20 மாதக் குழந்தை நம் பக்கத்து ஊர், காஞ்சிபுரம். அந்தப் பிள்ளை வளர்ந்து தானே டாக்டர் ஆனதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அறுவை அவ்வளவு தூரம் முன்னேறிவிட்டது. அறுவைக்குப் போகிற உடம்பின் தசையை அளக்கும் பழக்கம் மட்டும் இன்னும் முன்னேறவில்லை.

ஈரலுக்கும் தொடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டு சம்பந்தம். ஒன்று கழிவு, இன்னொன்று ராத்திரி.

நாம் சாப்பிடும் புரதத்தில் இருந்தும் குடலில் இருக்கும் கிருமிகளிடம் இருந்தும் அம்மோனியா பிறக்கிறது. அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புவது ஈரலின் வேலை. ஈரல் படுத்துவிட்டால் அந்த வேலையில் பெரும்பங்கைத் தசை இழுத்துப் போட்டுக்கொள்கிறது. அம்மோனியாவைப் பிடித்து குளூட்டமின் என்ற பொருளாகக் கட்டிவைக்கிறது. வீட்டில் மூத்தவர் படுத்ததும் தறியில் உட்கார்ந்துவிடும் இளையவனைப் போல. அந்த வேலை அவனையே தின்கிறது. தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் என்ற புரதத்தை 1997-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். அது இல்லாத எலிகளுக்குத் தசை இரண்டு மூன்று மடங்கு. 2013-ல் கிளீவ்லாந்து கிளினிக்கில் ஸ்ரீனிவாசன் தசரதி குழுவினர், ரத்தத்தில் அம்மோனியா ஏறினால் தசையில் மயோஸ்டாட்டினும் ஏறுகிறது என்று காட்டினார்கள். கழிவைச் சுமக்க வந்த தசையை அந்தக் கழிவே சுருக்குகிறது. தசை சுருங்கச் சுருங்க அம்மோனியாவைப் பிடிக்க ஆள் இல்லை. அது மூளைக்குப் போகிறது. நோயாளி பகலில் தூங்கி இரவில் விழித்து, உப்பு டப்பாவில் சர்க்கரையைக் கொட்டி, பேத்தியின் பெயரை மறந்து நிற்பதற்குப் பின்னால் அவருடைய தொடையும் இருக்கிறது.

ராத்திரி சமாச்சாரம் இதைவிட எளிது. ஈரல் ஒரு குதிர். பகலில் சாப்பிட்டதில் ஒரு பங்கைச் சர்க்கரைச் சேமிப்பாக வைத்துக்கொண்டு, நாம் தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் கொடுக்கும். சுருங்கிய ஈரலில் குதிர் சின்னது. நள்ளிரவிலேயே தீர்ந்துவிடும். மூளைக்கு விடியும் வரை சர்க்கரை வேண்டும். அதற்கு உடம்பு தசையை உடைத்து எடுக்கிறது. 1983-ல் ஓவன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு சொன்ன கணக்கு எனக்கு மறப்பதே இல்லை: ஈரல் சுருக்க நோயாளிக்கு ஒரு ராத்திரிப் பட்டினி, நல்ல உடம்புக்காரனின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம். தினமும் ராத்திரி வரும், தினமும் மூன்று நாள் உபவாசம்.

எங்கள் நெசவாளரிடம் கேட்டேன், ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று. "ஆறரைக்கே கஞ்சி குடிச்சுட்டுப் படுத்துடுவேன். ஈரல் நோய்க்கு ராத்திரி சாப்பாடு ஆகாதுன்னாங்க." காலையில் எட்டரைக்கு இரண்டு இட்லி. நடுவே பதினான்கு மணி நேரம்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிளாங்க் என்பவரும் குழுவும் செய்து 2008-ல் வெளியிட்ட சோதனை இதற்கு நேர்ப் பதில். எல்லா நோயாளிகளுக்கும் ஒரே சத்துப் பானம், தினம் 710 கலோரி. ஒரு பாதிப் பேர் பகலில் குடித்தார்கள்; மறுபாதி ராத்திரி, படுக்கப்போகும் வேளையில். ஒரு வருஷம். ராத்திரி குடித்தவர்களுக்குச் சுமார் 2 கிலோ தசைத் திசுவுக்குச் சமமான புரதம் உடம்பில் ஏறியது. பகலில் குடித்தவர்களுக்கு ஏறவில்லை. டப்பா ஒன்றுதான், கடிகாரம் மட்டும் வேறு. இவ்வளவு மலிவான மருத்துவ உண்மை வேறு எந்த நோயிலும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனாலும் நம் பக்கத்தில் எத்தனை டிஸ்சார்ஜ் சீட்டில் இது எழுதியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

இதுவரை நோய் முற்றியவர்களைப் பற்றிச் சொன்னேன். இந்த மண்டபத்தில் இருக்கும் பெரும்பாலோர் அந்தக் கட்டத்தில் இல்லை. ஆனால் உங்களில் பலர் ஸ்கேன் சென்டரில் இருந்து "ஃபேட்டி லிவர், கிரேடு ஒண்ணு" என்ற தாளோடு வீட்டுக்கு வந்திருப்பீர்கள். அடுத்த கேள்வியும் தெரியும்: "நான் ஒல்லியாத்தானே இருக்கேன்?"

2004-ல் லான்செட் இதழில் இரண்டு பேரின் படம் பக்கத்தில் பக்கத்தில் வெளியானது. ஒருவர் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கின், இன்னொருவர் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக். இருவருக்கும் உயர-எடைக் குறியீடு ஒன்றுதான், 22.3. எந்த அட்டவணையிலும் இருவரும் ஒல்லி. ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம்.  யாஜ்னிக் இன்னும் பின்னால் போய், புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார். நம் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. குறைந்திருந்தது தசையும் உள்ளுறுப்பும். கொழுப்பு கிட்டத்தட்டத் தப்பித்துவிட்டது. ஒல்லியான, ஆனால் கொழுத்த குழந்தை. தாயின் வயிற்றில் சோறு போதாதபோது உடம்பு எதைக் குறைக்கலாம் என்று தேடுகிறது. தசையைக் குறைத்துக் கொழுப்பைக் காக்கிறது.

இந்தக் குழந்தை பெரியவன் ஆனதும் என்ன ஆகிறான் என்பதற்கு யேல் பல்கலைக்கழக ஆய்வில் பதில் இருக்கிறது. 2006-ல் வந்தது. ஒல்லியான, ஆரோக்கியமான இளைஞர்கள், பல இனத்தார். இந்திய ஆண்களுக்கு ஈரலில் கொழுப்பு மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு. இன்சுலினுக்குக் கட்டுப்படாத தன்மை மூன்று நான்கு மடங்கு. அதே குழு அடுத்த ஆண்டு காரணத்தையும் காட்டியது. சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிக்கொள்ள வேண்டிய பெரிய வீடு தசை. தசை கதவைச் சாத்திக்கொண்டால் சர்க்கரை ஈரலுக்குத் திரும்புகிறது. ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்கிறது. எண்ணெயைத் தொடாதவருக்கும் ஈரலில் கொழுப்பு வருவது இப்படித்தான். மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை, உப்புமா. நடுவே டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஐ.சி.எம்.ஆர். நாடு தழுவி எடுத்த உணவுக் கணக்கு 2025-ல் வெளியானது. இந்தியரின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, 12 சதவீதம்தான் புரதம்.

மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் 2010-ல் வெளியான ஆய்வு எனக்கு நம் ஊரைப் பார்ப்பது போல இருக்கும். கிராமத்து ஆட்கள், வயல் வேலை, வசதி குறைவு. 1,911 பேரைப் பரிசோதித்தார்கள். 8.7 சதவீதம் பேருக்கு ஈரலில் கொழுப்பு. அவர்களில் முக்கால்வாசிப் பேரின் உயர-எடைக் குறியீடு 25-க்குக் கீழே. சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் அதே காலகட்டத்தில் பார்த்தபோது நகரத்தாரில் 32 சதவீதம். இலங்கையில் கொழும்பை ஒட்டிய ராகமையிலும் ஏறக்குறைய அதே அளவு. கிராமம் நகரத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. குழித்தறியில் மிதி மிதித்த அப்பாவின் பிள்ளை இன்று செய்யாறு சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறான். சம்பளம் உயர்ந்தது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். தொடைக்கு வேலை போனது.

தொடைக்கும் ஈரல் கொழுப்புக்கும் உள்ள தொடர்பு எண்ணிலும் தெரிகிறது. கொரியாவின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்ததில், பருமன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தசை குறைந்தவர்களுக்கு ஈரல் கொழுப்பு அதிகம் என்று வந்தது.

ஆனால் ஒல்லி எல்லாம் ஒரே ஒல்லி இல்லை. இதை நமக்குக் கற்றுக் கொடுத்தது ஆரணி வழியாக பஸ் ஏறினால் போய்ச் சேரும் வேலூர்தான். சி.எம்.சி. மருத்துவமனையில் நிஹால் தாமஸ் முதலியோரும் நியூயார்க்கின் மெரிடித் ஹாக்கின்ஸ் குழுவினரும் சேர்ந்து, மிகவும் ஒல்லியான, சிறுவயதில் சோறு போதாமல் வளர்ந்த சர்க்கரை நோயாளிகளை நுணுக்கமாகப் பரிசோதித்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். இவர்களுக்கு இன்சுலின் சுரப்பதே குறைவு. ஆனால் சுரந்த இன்சுலினுக்கு உடம்பு நன்றாகவே கட்டுப்பட்டது. வயிற்றுக்குள் கொழுப்பும் ஈரலில் கொழுப்பும் வழக்கமான சர்க்கரை நோயாளிகளைவிடக் குறைவு. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதற்கு ஐந்தாம் வகை நீரிழிவு என்று தனிப் பெயரே கொடுத்தது. ஆக, ஒரே தெருவில் ஒரே எடையில் இரண்டு ஒல்லிகள் இருக்கலாம். ஒருவனுக்கு ஈரல் கொழுத்திருக்கிறது, இன்னொருவனுக்குச் சுத்தமாக இருக்கிறது. முதல்வனுக்கு மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். இரண்டாமவனுக்கு வயிறாரச் சாப்பிடச் சொல்ல வேண்டும். எடையை மட்டும் பார்த்து இருவருக்கும் ஒரே சீட்டு எழுதினால் ஒருவனைக் கெடுத்துவிடுவோம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1980-ல் மேயோ கிளினிக்கின் ஜர்கன் லுட்விக் 20 நோயாளிகளின் ஈரல் திசுவைப் பார்த்தார். குடிகாரன் ஈரல் போலவே இருந்தது. ஆனால் அவர்கள் குடிப்பதில்லை என்றார்கள். மருத்துவர்கள் நம்பவில்லை. மதுவால் வராத கொழுப்பு ஈரல் அழற்சி என்ற பெயர் அப்போது பிறந்தது. அந்தப் பெயரிலும் மது ஒட்டிக்கொண்டே வந்ததால் 2023-ல் வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்பு ஈரல் நோய் என்று மாற்றிவிட்டார்கள். வாயில் நுழையாது. ஆனால் நம் ஊரில் ஒரு அக்காவுக்கு ஈரல் சுருக்கம் என்று தெரிந்ததும் சம்பந்தி வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர் வாழ்நாளில் மோரைத் தவிர வேறெதையும் குடித்ததில்லை. அவருக்காக அந்த வாயில் நுழையாத பெயரைச் சகித்துக்கொள்ளலாம். குடிப்பவர்களைப் பற்றி இரண்டாம் கருத்து கிடையாது. மது ஈரலையும் தசையையும் சேர்த்தே அரிக்கிறது, நிறுத்த வேண்டும். குடிக்காமலே ஈரல் கொழுத்த ஒல்லிகளுக்கு ஒரு நல்ல சேதியும் உண்டு: ஹாங்காங் ஆய்வில், ஒல்லியானவர்களுக்கு உடல் எடையில் 3 முதல் 5 சதவீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்பு நன்றாகக் கரைந்தது.

இனி பத்தியம்.

மஞ்சள் காமாலை என்றதும் நம் வீடுகளில் முதலில் அடுப்பில் இருந்து இறங்குவது தாளிப்பு. பிறகு எண்ணெய், பருப்பு, முட்டை, பால். உப்பில்லாக் கஞ்சியும் மோர்ச் சோறும் கீழாநெல்லியும் மிஞ்சும். கீழாநெல்லியை நான் இகழ மாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவும் நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் சேர்ந்து 1988-ல் லான்செட்டில் எழுதிய ஆய்வில், மஞ்சள் காமாலை பி கிருமியைச் சுமந்த 37 பேரில் 22 பேருக்கு அந்த மூலிகைக்குப் பின் கிருமியின் அடையாளம் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிற இடங்களில் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. விஞ்ஞானத்தில் அது நடக்கக் கூடியது. கீழாநெல்லியை விட அதோடு ஒட்டிக்கொண்டு வரும் பட்டினிதான் எனக்குப் பயம். சில வாரத்தில் தானே தீரும் காமாலைக்கு இந்தப் பத்தியம் பெரிய கேடு செய்யாது. வருஷக் கணக்கில் நீளும் ஈரல் சுருக்கத்துக்கு இதே பத்தியத்தை நீட்டினால் தசையைத் தின்னக் கொடுக்கிறோம்.

இதில் குற்றம் பாட்டி மேல் மட்டும் இல்லை. நாங்களும்தான். புரதம் சாப்பிட்டால் அம்மோனியா ஏறும், மூளை குழம்பும் என்று அரை நூற்றாண்டாக மருத்துவப் புத்தகங்கள் புரதத்தைக் குறைக்கச் சொல்லிவந்தன. 2004-ல் பார்சிலோனாவில் கொர்தோபா குழுவினர், குழப்ப நிலையில் இருக்கும் நோயாளிகளுக்கே வழக்கமான புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். குறைத்துக் கொடுத்தவர்களைவிட மோசமாகவில்லை. புரதம் குறைத்தவர்களுக்குத்தான் தசை அதிகமாக உடைந்தது. இன்றைய ஐரோப்பிய வழிகாட்டி ஈரல் சுருக்க நோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் கேட்கிறது. நீர் இறக்கிய எடைக்கு.

அறுபது கிலோ ஆளுக்கு 72 கிராமாவது வேண்டும். நம் சாப்பாட்டில் எவ்வளவு வருகிறது? நாலு இட்லி 8 கிராம். மத்தியானச் சோறும் கொஞ்சம் சாம்பாரும் மோரும் சேர்த்து 15. ராத்திரி மூன்று தோசை 8 அல்லது 9. முப்பதைத் தாண்ட மூச்சு வாங்கும். மீதி 40 எங்கே இருந்து வரும்? இரண்டு முட்டை, 12. பால் முந்நூறு மில்லி, 10. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், 10. அப்புறம் நம் மாவட்டத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருக்கிறதே, அது 100 கிராமில் 25 கிராம் புரதம். ஒரு கைப்பிடி, 50 கிராம், வேகவைத்தோ வறுத்தோ. வயலில் விளைவதை மில்லுக்கு அனுப்பிவிட்டுப் பவுடர் டப்பா வாங்கித் தரும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சாப்பிட முடியாத நோயாளிக்குப் பவுடர் உதவும், மறுக்கவில்லை. ஆனால் அது முதல் தேர்வு ஆக வேண்டியதில்லை. வயிற்று நீர் இருந்தால் உப்பைக் குறைக்க வேண்டும். உப்பு போட்டு வறுத்த கடலை வேண்டாம்.

ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவந்தபோது முன்வரிசையில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். வந்தவாசியைச் சுற்றிய ஊர்களில் தமிழ்ச் சமணர்களான நயினார் குடும்பங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத நெறி. என்னிடம் வந்த ஒரு நயினார் பெரியவரிடம் ஒன்பது மணிக்கு ஏதாவது சாப்பிடுங்கள் என்றேன். கும்பிட்டுவிட்டு, "அது மட்டும் கேட்காதீங்க" என்றார். நான் வற்புறுத்தவில்லை. அவருடைய கடைசி வேளையை ஐந்து மணியில் இருந்து பொழுது சாய்வதற்குச் சற்று முன்புக்குத் தள்ளினோம். அதில் பாலும் நெய்யும் மல்லாட்டையும் கூட்டினோம். காலையில் சூரியன் ஏறியதும் முதல் வேளை. குளித்துப் பூஜை முடித்து ஒன்பது மணிக்கு என்பதை மாற்றினார். பதினாறு மணி நேரம் பன்னிரண்டரை ஆயிற்று. ஆய்வுப் புத்தகத்தில் இருப்பது போல இல்லை. ஆனால் அவரால் கையெழுத்துப் போட முடிகிறது, பேரனோடு பொன்னூர் மலை அடிவாரம் வரை நடக்கிறார்.

எங்கள் நெசவாளருக்கு அந்தத் தடை இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு அவர் வீட்டம்மா இரண்டு முட்டையும் சோறும் கொடுக்க ஆரம்பித்தார். தினமும் இரண்டு வேளை தெருமுனை வரை நடை, பெஞ்சில் உட்கார்ந்து எழுந்திருத்தல். ஆறு மாதம் கழித்து எடை 56. நீர் இல்லாத 56. முழுக்கத் தேறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன்; அந்த நோயில் அப்படிச் சொல்வது பொய். ஆனால் பழையபடி தறியில் உட்கார்ந்து, ஒரு நாளில் பாதி வேலை செய்தார்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகள் சென்னையில் கிடைக்கின்றன. வந்தவாசிக்கும் வர நாள் ஆகாது. அவற்றில் ஒன்றான செமாகுளூட்டைடுக்கு 2025-ல் அமெரிக்கா கொழுப்பு ஈரல் அழற்சிக்கும் அனுமதி கொடுத்தது. நல்ல மருந்துதான். ஆனால் குறையும் எடையில் கணிசமான பங்கு தசை. பிறப்பிலேயே தசை குறைந்த நமக்கு, புரதமும் உடற்பயிற்சியும் இல்லாமல் இந்த ஊசியை மட்டும் போட்டால், எடைமெஷின் சிரிக்கும், தொடை அழும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள். இயன்முறை மருத்துவரும் வருகிறார். அவர்கள் பையில் ஒரு தையல் டேப்பும் சேர வேண்டும் என்பது என் ஆசை. ஆசிய நாடுகளின் மருத்துவர்கள் சேர்ந்து 2019-ல் வகுத்த அளவு: கெண்டைக்கால் சுற்றளவு ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 33-க்கும் கீழே இருந்தால் சந்தேகப்பட வேண்டும். கால் வீக்கம் இருந்தால் இது ஏமாற்றும். டேப்பும் வேண்டாம் என்றால் ஜப்பானியர் வழி: இரண்டு கைக் கட்டைவிரல்களையும் ஆட்காட்டி விரல்களையும் சேர்த்து வளையம் செய்து கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடியுங்கள். விரல்கள் ஒன்றையொன்று தொட்டு, உள்ளே இடைவெளியும் இருந்தால் தசை குறைந்திருக்கலாம்.

அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது, இப்போதே செய்துவிடலாம். எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். கையை ஊன்றாமல் ஐந்து தடவை முழுக்க எழுந்து உட்கார வேண்டும். பன்னிரண்டு விநாடிக்குள் முடிந்தால் நன்று. முழங்கால் வலி இருப்பவர்களும், வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களும் அப்படியே இருங்கள். தலைவர் ஐயா முதலில் எழுந்துவிட்டார், அவருக்கு எண்பது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று.